மேஸ்திரி வருவதற்கு முன்: மலை வீட்டைப் புதுப்பிக்கப் போகிறவர்களுக்கு

கோத்தகிரியில் மாமனார் விட்டுப்போன எங்கள் வீடு பழைய ஓட்டு வீடு. கருங்கல் சுவர், மங்களூர் ஓடு, பலகை மச்சு, முன்னறையில் விறகு எரித்துக் குளிர்காய ஒரு கணப்பு. அதைப் புதுப்பிக்கலாம் என்று முடிவுசெய்து மேஸ்திரியை வரச்சொன்ன அன்று நான் காட்ட நினைத்ததெல்லாம் வேறு. சமையலறை எங்கே வரவேண்டும், குளியலறைக்கு என்ன டைல்ஸ், ஜன்னல் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று போனில் படங்களாகச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் உள்ளே வரவே இல்லை. நேராக வீட்டின் பின்பக்கம் போனார். அங்கே மண்மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்துத்தான் நடக்கலாம். அந்தச் சந்துக்குள் குனிந்து, சுவரின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அடைமழையன்னைக்கு இங்க தண்ணி எங்க நிக்குதுங்க டீச்சர்?"

எனக்குத் தெரியவில்லை. விடுமுறைக்கு மட்டும் வந்துபோன வீடு அது. "அதைப் பார்த்து வைங்க. டைல்ஸ் அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லி, டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

எனக்கோ அவசரம். கீழேயிருந்து வந்த வேறொரு கான்ட்ராக்டரிடம் வேலையைக் கொடுத்தேன். பின்சுவரின் பழைய சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டு, வழுவழுவென்று சிமெண்ட் பூசி, அதன்மேல் தண்ணீர் இறங்காது என்று சொல்லி ஒரு பெயின்டையும் அடித்துக் கொடுத்தார். மார்ச்சில் பார்க்க அழகாக இருந்தது. நவம்பர் மழை முடிந்தபோது, முழங்கால் உயரம்வரை பூச்சு உப்பிப்போய், விரலால் தட்டினால் பொத்தல் தேங்காய் மாதிரி சத்தம் வந்தது. பெயின்டுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாய் உப்பு பூத்திருந்தது. சுவருக்குள் வந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் போனதுதான் காரணம். எல்லாவற்றையும் உரித்து எடுத்துவிட்டு முதல் மேஸ்திரியிடமே திரும்பிப் போனேன். மலைக்குப் புதிதாக வந்து பழைய வீடு வாங்கியவர்களும், பரம்பரை வீட்டைச் சரிசெய்ய ஊர் திரும்பியவர்களும் அந்தச் செலவைச் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: ஒரு மழைக்காலம் முழுக்கப் பாருங்கள்

முடிந்தால் ஒரு மழையாவது அந்த வீட்டில் குடியிருந்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். நீலகிரி முழுக்க ஒரே மழைக்காலம் என்று நினைத்துவிட வேண்டாம். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரி பக்கத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர்வரை வரும் வடகிழக்கு மழைதான் பெருமழை. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரி வட்டாரங்களில் மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது இந்த மழையில்தான். வெயில் நாளில் வீட்டைப் பார்த்து "ஈரமே இல்லையே" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

நாற்பது பக்க நோட்டு ஒன்று, ஒரு பென்சில், ஒரு டார்ச் போதும். நல்ல மழை பெய்யும்போது குடையோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். மேட்டிலிருந்து வரும் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, எங்கே தேங்குகிறது, ஓட்டு விளிம்பின் தகரக் கால்வாய் எங்கே வழிந்து சுவரில் அடிக்கிறது, பக்கத்து வீட்டுத் தண்ணீர் உங்கள் பக்கம் திரும்புகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே சுவரில் ஓதம் ஏறியிருக்கும் இடத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்திலேயே தேதி எழுதுங்கள். பத்து நாள் கழித்துக் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் மறுபடி ஒரு கோடு. மழை நின்றபிறகு அந்த ஈரம் காய எத்தனை நாளாகிறது என்பதையும் எழுதுங்கள். கீழிருந்து மேலே ஏறும் ஓதம் வேறு. ஓட்டிலிருந்து கீழே இறங்கும் கசிவு வேறு. சுவரின் நடுவில் திட்டாகத் தெரிந்தால் பெரும்பாலும் உள்ளே போகும் பைப். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

விரிசலுக்கும் இதே முறை. விரிசலின் இரண்டு முனைகளிலும் குறுக்காகக் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். மயிரிழை விரிசல் பல வருஷமாக அப்படியே இருக்கும், பயமில்லை. கோட்டைத் தாண்டி நீண்டாலோ, ஒருபக்கச் சுவர் மறுபக்கத்தைவிட வெளியே தள்ளி நின்றாலோ, கதவு நிலை திடீரென்று இறுக ஆரம்பித்தாலோ மேஸ்திரியைக் கூப்பிடுவதற்கு முன் கட்டமைப்பு தெரிந்த என்ஜினியர் ஒருவரைக் கூப்பிடுங்கள். மழையில் மரக்கதவு ஊதி இறுகுவது சகஜம்தான். வெயில் வந்த பின்னும் இளகவில்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

வீட்டுக்கு மேல்பக்கமோ கீழ்ப்பக்கமோ தடுப்புச் சுவர் இருந்தால் அதில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கின்றனவா, மழையன்று அவற்றில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டுச் சுவரில் ஐந்தாறு அடிக்கு ஒன்றாகத் துளைகள் இருந்தன. அத்தனையிலும் மண்ணும் பெரணி வேரும் அடைத்திருந்தன. மேஸ்திரி ஒரு கம்பியை விட்டு ஒரு துளையைக் குத்தினார். முதலில் கறுப்பாய்ச் சேறு, பிறகு கால்மணி நேரம் நிற்காமல் தண்ணீர். என் சமையலறைச் சுவரை அத்தனை வருஷம் நனைத்தது அந்தத் தண்ணீர்தான். வீட்டுக்குள் எந்தப் பெயின்ட் அடித்தும் அது நின்றிருக்காது.

சுவரும் கூரையும் எதனால் ஆனவை?

பழைய மலை வீட்டுச் சுவர் பெரும்பாலும் கல்லோ செங்கல்லோ, சுண்ணாம்பிலோ மண் சாந்திலோ கட்டியதாக இருக்கும். மூலையில் ஓர் இடத்தில் பூச்சை ஆணியால் சுரண்டிப் பாருங்கள். சுண்ணாம்போ மண்ணோ என்றால் மாவாக உதிரும். சிமெண்ட் லேசில் கீறாது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விட்டுவிடும். சிமெண்டும் எமல்ஷன் பெயின்டும் அதை உள்ளேயே பூட்டிவிடும். அதனால் அப்படிப்பட்ட சுவருக்குச் சுண்ணாம்புக் கலவையே பூசத் தெரிந்த ஆள் கிடைப்பாரா என்று முதலிலேயே விசாரியுங்கள். இப்போது அந்தக் கை தெரிந்தவர்கள் குறைவு. வயதான கொத்தனார்களிடம் கேட்டால் யாரையாவது சொல்வார்கள்.

மண் சாந்தில் கட்டிய கல்சுவரைக் குறுக்காக ஆழமாய்க் கடைந்து ஒயர் பைப் பதிக்க விடாதீர்கள். பைப் சுவருக்கு வெளியே தெரிந்தாலும் பரவாயில்லை. இதில் நான் பிடிவாதக்காரி.

ஓட்டைப் பிரித்து மாட்டுவதாக இருந்தால் ஒரு விஷயம். மங்களூரில் 1865இல் பாசல் மிஷன் என்ற பாதிரிமார் அமைப்பு தொடங்கிய தொழிற்சாலைக்குப் பிறகு பல கம்பெனிகள் இந்த ஓட்டைச் செய்தன. ஒரு கம்பெனி ஓட்டின் பள்ளமும் மேடும் இன்னொரு கம்பெனி ஓட்டோடு சரியாகக் கவ்வாது. பழையதையும் புதியதையும் கலந்து போட்டால் அந்த இடுக்கில்தான் ஒழுகும். உடையாத பழைய ஓடுகளை எல்லாம் சேர்த்துக் கூரையின் ஒரு பக்கத்துக்கு, புதியவற்றை மறுபக்கத்துக்கு என்று போடச் சொல்லுங்கள். குரங்கு நடமாட்டம் உள்ள இடமா என்றும் சொல்லிவிடுங்கள். அதற்கேற்ப ஓட்டைக் கம்பியால் கட்டலாம்.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடு என்றால், அதை அறுக்கவோ உடைக்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போய்ப் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. நனைத்து, முழுத் தகடாகக் கழற்றி இறக்க வேண்டும். பழைய கதவு ஜன்னல்களில் அடுக்கடுக்காய் இருக்கும் பெயின்டில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாளால் தேய்க்கும்போது சின்னப் பிள்ளைகள் வீட்டில் இருக்க வேண்டாம். தேய்ப்பவருக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.

காகித வேலை

"உள்ளே செய்யற வேலைக்கு என்ன பர்மிஷன்" என்று சொல்பவர்கள் உண்டு. வெள்ளையடிப்பது, டைல்ஸ் ஒட்டுவது போன்றவற்றுக்குப் பிரச்சினை வராது. ஆனால் அறை சேர்ப்பது, கூரையை உயர்த்துவது, ஓட்டை எடுத்துவிட்டுத் தளம் போடுவது, மண்மேட்டை வெட்டுவது எல்லாம் கணக்கு வேறு. நகராட்சியோ பேரூராட்சியோ ஊராட்சியோ, உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் செய்யப்போகும் வேலையை எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.

மலைவாசத்தலங்களின் கட்டட விதிகளில் உயரம் 7 மீட்டர் என்ற வரம்பு நெடுங்காலமாக இருக்கிறது. மலையிடப் பாதுகாப்புக் குழு, அதாவது எல்லோரும் 'ஹாக்கா' என்று சொல்வது, அதன் பார்வைக்குப் போகும் இடங்களில் வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் சுரங்கத் துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்றுகளும் கேட்பார்கள். மாதக்கணக்கில் ஆகும். ஆளைப் பேசி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அனுமதிக்குக் காத்திருந்தால், ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார். பணம் அங்கேயே நிற்கும். அனுமதி கைக்கு வந்தபிறகுதான் அட்வான்ஸ்.

பொக்லைன், ஜே.சி.பி. எதுவானாலும் மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும். ஆழ்துளைக் கிணறும் அப்படித்தான். வீட்டுக்கு நிழல் விழுகிறது என்று உங்கள் சொந்த நிலத்தில் நிற்கும் மரத்தைக்கூட நினைத்தபடி வெட்ட முடியாது. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. "ராத்திரியோட ராத்திரியா முடிச்சிடலாம்" என்று எந்தக் கான்ட்ராக்டராவது சொன்னால் அவரோடு அன்றைக்கே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பிடிபட்டால் வழக்கு உங்கள் பேரில்தான் வரும். அதைவிட, வெட்டிய மேடு அடுத்த மழையில் உங்கள் மேலோ கீழ்வீட்டுக்காரர் மேலோ இறங்கும்.

என்ன வேண்டும் என்று எழுதுங்கள்

நோட்டில் அறைக்கு ஒரு பக்கம். ஒவ்வொன்றிலும் மூன்று பகுதி: கட்டாயம் செய்ய வேண்டியது, பணம் மிஞ்சினால் செய்வது, தொடவே கூடாதது. மூன்றாவதைப் பலர் எழுதுவதில்லை. எங்கள் வீட்டில் மாமியார் நட்ட ரோஜாச் செடியையும் முன்வாசல் தேக்கு நிலையையும் அந்தப் பகுதியில் எழுதினேன். எழுதியிராவிட்டால் செடி ஜல்லிக் குவியலுக்கு அடியில் போயிருக்கும்.

வரிசையும் முக்கியம். முதலில் தண்ணீர் வெளியேறும் வழி, அடுத்து கூரை, பிறகு சுவர், அப்புறம் ஒயரிங்கும் பைப்பும், கடைசியில் தரையும் பெயின்டும். பட்ஜெட் இடிக்கும்போது நாம் எல்லோரும் முதலில் வெட்டுவது கண்ணுக்குத் தெரியாத பின்பக்க வாய்க்காலைத்தான். அதை மட்டும் வெட்டாதீர்கள்.

குளிரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் பழைய இடுக்கு விழுந்த ஜன்னலை எடுத்துவிட்டு, காற்றே புகாத யு.பி.வி.சி. பிளாஸ்டிக் ஜன்னல் போடுகிறார்கள். கணப்பின் புகைபோக்கியில் மழை இறங்குகிறது என்று மேலே சிமெண்ட் வைத்து மூடிவிடுகிறார்கள். வென்டிலேட்டரையும் அடைத்துவிடுகிறார்கள். பிறகு ஒரு குளிர் ராத்திரியில் யாராவது அடுப்புக்கரியைச் சட்டியில் போட்டு உள்ளே வைத்துக்கொண்டு தூங்குவார்கள், அல்லது குளியலறைக்குள் கேஸ் கீசர் ஓடும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். அதனால் ஜன்னல் மாற்றும்போதே ஒவ்வோர் அறைக்கும் மூட முடியாத ஒரு காற்றுவழி வைக்கச் சொல்லுங்கள். கணப்பைப் பயன்படுத்துவதாக இருந்தால் புகைபோக்கியைச் சுத்தம்செய்து, உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பயன்படுத்தப் போவதில்லை என்றால் கணப்பின் வாயையே அடைத்துவிடுங்கள். புகைபோக்கியை மட்டும் மூடிவிட்டு, எரிக்கத் தயாராய் ஒரு கணப்பை விட்டு வைக்காதீர்கள். கேஸ் கீசர் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும்.

ஒயரிங்கும் குளிரைக் கணக்குப்போட்டே வரவேண்டும். 2000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். கீசரும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடும் வீடு இது. எந்த அறையில் எத்தனை பவர் பிளக் என்று எழுதிக் கொடுங்கள். எர்த்தும், மின்கசிவு வந்தால் உடனே கரண்ட்டை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம் என்ற பட்டியலில் இருக்கட்டும். சுவரில் ஈரம் ஏறும் ஊரில் ஷாக் அடிக்க அதிக நேரம் ஆகாது.

ஆளைத் தேடுவது

மூன்று வகையில் ஆள் கிடைப்பார்கள். கூலிக்கு மட்டும் வரும் மேஸ்திரி ஒருவகை. சாமான் எல்லாம் நீங்கள் வாங்கித்தர வேண்டும். சாமானோடு சேர்த்துப் பேசும் கான்ட்ராக்டர் அடுத்தவகை. வரைபடம் போட்டு, மேற்பார்வையும் பார்க்கும் என்ஜினியர் மூன்றாவது. நீங்கள் மலையிலேயே குடியிருந்து தினமும் வேலையைப் பார்க்க முடியும் என்றால் கூலி மேஸ்திரி போதும், மிச்சமும் ஆகும். சென்னையிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு மாதம் ஒருமுறை வருகிறவர்கள் அதற்கு ஆசைப்பட வேண்டாம்.

மூன்று பேரிடமாவது பேசுங்கள். அவர்கள் புதிதாய் முடித்த வீட்டைக் காட்டுவார்கள். பார்த்துக்கொள்ளுங்கள், கூடவே, மூன்று வருஷத்துக்கு முன்னால் செய்த வீடு ஒன்றையும் காட்டச் சொல்லுங்கள், மழைநாளில் போய்ப் பாருங்கள். அந்த வீட்டு அம்மாவிடம் தனியாகக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: குறை சொல்லிக் கூப்பிட்டபோது திரும்பி வந்தாரா? வேலையில் குறை வராத ஆள் கிடையாது. கூப்பிட்டால் வருகிறவர்தான் நமக்கு வேண்டும்.

முதல்முறை வரும்போது அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். தண்ணீரைப் பற்றியும் மேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்காமல் சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டால், அவர் சமவெளிக் கணக்கைத்தான் சொல்கிறார்.

எஸ்டிமேட்டும் பணமும்

மலைக்கென்று தனியாக வரும் செலவு இரண்டு. முதலாவது, ஏற்றுக்கூலி. ஜல்லியும், கல்லை உடைத்துச் செய்யும் மணலான எம்-சாண்டும் பெரும்பாலும் கீழே மேட்டுப்பாளையம், காரமடை, கோவைப் பக்கமிருந்து மலையேறி வருகின்றன. கீழே கேட்ட விலையை நம்பி பட்ஜெட் போட்டால் பாதிவழியில் நின்றுவிடும். இரண்டாவது, ரோட்டிலிருந்து வீடுவரை சுமக்கும் கூலி. லாரி நிற்கும் இடத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு எத்தனை படி? எங்கள் வீட்டுக்கு 64 படி இறங்க வேண்டும். ஒவ்வொரு சிமெண்ட் மூட்டையும் 50 கிலோ. ஒவ்வொன்றும் ஒருவர் முதுகில் அந்தப் படியில் இறங்கியது. இடித்த கல்லும் மண்ணும் அதே படியில் மேலே ஏறியது. எஸ்டிமேட்டில் 'சுமைகூலி', 'கழிவு அகற்றல்' என்று தனித்தனி வரி இல்லாவிட்டால், பாதி வேலையில் அந்தப் பேச்சு வரும்.

அளக்கும் முறையையும் எழுத்தில் வாங்குங்கள். பூச்சுவேலைக்குக் கதவு ஜன்னல் இடத்தைக் கழிப்பார்களா? சதுர அடி ரேட்டில் படிக்கட்டும் சன்ஷேடும் செப்டிக் டேங்கும் சேருமா? மணல் யூனிட் கணக்கில் வரும், அதாவது 100 கன அடி. வண்டி வந்து நின்றதும் டேப் வைத்து அளந்துவிட்டு இறக்கச் சொல்லுங்கள். சிமெண்ட், கம்பி, ஒயர், பைப் எந்தக் கம்பெனி என்ற பெயரும் இருக்க வேண்டும். 'நல்ல தரமான' என்று மட்டும் எழுதினால் அதற்கு ஒரு பொருளும் இல்லை.

பணத்தைத் தேதியோடு கட்டாதீர்கள், வேலையோடு கட்டுங்கள். நாங்கள் பேசிக்கொண்டது இப்படி: முன்பணம் 10 சதவீதம், வாய்க்காலும் தடுப்புச் சுவரும் முடிந்ததும் 25, கூரை முடிந்ததும் 25, பூச்சு, ஒயரிங், பைப் முடிந்ததும் 20, தரையும் பெயின்டும் முடிந்ததும் 10, கடைசி 10 அடுத்த பெருமழை தாண்டியபிறகு. அந்தக் கடைசி 10ஐ எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 5 என்றாவது பேசிப் பாருங்கள். வாரக்கூலிக்கு வேலைசெய்யும் ஆட்களின் சம்பளத்தை அதில் பிடித்து வைக்கக்கூடாது. பிடித்து வைப்பது ஒப்பந்தக்காரரின் பங்கை மட்டும். இதை முத்திரைத்தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடுங்கள். நடுவில் நீங்களே ஆசைப்பட்டுச் சேர்க்கும் வேலைகளுக்கு, "சேர்த்துச் செஞ்சிடுங்க அண்ணே" என்று வாயால் சொல்லிவிடாமல், அன்றே நோட்டில் தொகையோடு எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சண்டையில் பாதி இந்த வாய்ச்சொல்லில்தான் ஆரம்பிக்கிறது.

எந்த மாதத்தில் எதை

கோத்தகிரி, குன்னூர் பக்கம் என்றால் மண் வேலை, அஸ்திவாரம், கூரை பிரிப்பது எல்லாம் ஜனவரிக்குப் பிறகு தொடங்கி மே மாதத்துக்குள் முடிந்துவிட வேண்டும். கூடலூர் பக்கமும் அப்படியே, ஜூன் பிறப்பதற்குள். சீசன் மாதங்களான ஏப்ரல், மேயில் மலைப்பாதையில் கூட்டம் அதிகம். சரக்கு லாரிகளுக்கு நேரக் கட்டுப்பாடும் போடுவார்கள். கனமான சாமானை மார்ச்சுக்குள் மேலே ஏற்றிவிட்டால் நிம்மதி. பொங்கலுக்குக் கீழ்நாட்டு ஆட்கள் ஊருக்குப் போவார்கள். எத்தையம்மன் பண்டிகை நாட்களில் படுகர் வீட்டு ஆட்கள் வரமாட்டார்கள். வரவும் சொல்லாதீர்கள்.

கான்கிரீட் போடுவதாக இருந்தால் குளிரைக் கணக்கில் எடுக்க வேண்டும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456, 4.5 மீட்டர்வரை இடைவெளி உள்ள தளத்துக்கு முட்டுகளை 7 நாளும் அதற்கு மேல் என்றால் 14 நாளும் வைத்திருக்கச் சொல்கிறது. ஆனால் அது வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்கு. நம் ஊரில் டிசம்பர், ஜனவரி இரவில் அதற்கு வெகு கீழே போய்விடும். சிமெண்ட் மெதுவாகத்தான் இறுகும். எங்கள் குளியலறைத் தளம் சின்னதுதான். எட்டாம் நாளே முட்டுகளை எடுத்துவிடலாம் என்று நான் பறந்தேன். மேஸ்திரி அண்ணன் ஒரு முட்டுக் கம்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இங்க வெயிலா அடிக்குதுங்க டீச்சர்? இன்னும் ஒரு வாரம் நிக்கட்டும்" என்றார். நின்றது. குளிர் என்பதற்காகத் தண்ணீர் விடுவதையும் குறைத்துவிடாதீர்கள்: சாதா சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்கு 10 நாள் ஈரம் இருக்க வேண்டும். உறைபனி விழும் இடத்தில் ராத்திரிக்குச் சாக்கால் மூடிவையுங்கள்.

ஆட்கள் வரும் வாரத்துக்குள்

சிமெண்ட் வைக்க மழை படாத அறை ஒன்றை ஒதுக்குங்கள். தரையில் பலகை அடித்து, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்க வேண்டும். இந்த ஈரக்காற்றில் திறந்த மூட்டை நாலு நாளில் கட்டிதட்டும். அதனால் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் இறக்குங்கள். மூட்டையில் அச்சடித்திருக்கும் தயாரிப்பு வாரத்தையும் பார்த்து, மூன்று மாதம் தாண்டியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். தண்ணீருக்கு இரண்டு டிரம் கூடுதலாக வையுங்கள். குழாய்த் தண்ணீர் தினமும் வரும் ஊர் இது இல்லை.

வேலைக்கு வருகிறவர்களுக்குக் கழிப்பறை எது என்று முதல் நாளே காட்டிவிடுங்கள். சித்தாள் வேலைக்கு வரும் பெண்கள் இதைக் கேட்கக் கூச்சப்பட்டுச் சாயங்காலம்வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். நான் கண்ணால் பார்த்தது.

மண் வெட்டும் நாட்களில் மட்டும் நீங்கள் கட்டாயம் இருங்கள். 2024 பிப்ரவரியில் உதகை அருகே லவ்டேலில் கட்டுமானப் பணியிடத்தில் சரிவு ஏற்பட்டு 6 பெண் தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். செங்குத்தாக வெட்டிய மேட்டுக்கு அடியில் யாரும் நிற்கக்கூடாது; மேட்டைப் படிப்படியாக வெட்ட வேண்டும், பெரிய வெட்டு என்றால் முட்டுக் கொடுக்க வேண்டும்; வெட்டிய மண்ணை மேட்டின் விளிம்பிலேயே குவிக்கக்கூடாது; மழை தூறினால் அன்றைக்கு வேலை நிறுத்தம், கூலி மட்டும் உண்டு. இந்த நாலையும் ஒப்பந்தத்தில் எழுதினோம். ஒருநாள் கூலி போவதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

இடித்த கழிவை ஓடையிலோ வாய்க்காலிலோ சரிவிலோ கொட்ட விடாதீர்கள். "எல்லாரும் அங்கதாங்க கொட்டறாங்க" என்பார்கள். அடுத்த மழையில் அந்த வாய்க்கால் அடைத்துக் கீழ்வீட்டுக்குள் தண்ணீர் போகும். செப்டிக் டேங்குக்குத் தோண்டிய குழியை மூடாமல் ராத்திரி விடாதீர்கள், காட்டெருமை விழுந்தால் அதற்கும் உயிர்ச்சேதம், உங்களுக்கும் வழக்கு. மதியச் சாப்பாட்டு மிச்சமும் எண்ணெய் டப்பாவும் வேலையிடத்தில் கிடந்தால் கரடி வரும்.

பூச்சு பூசுவதற்கு முந்தின நாள், ஒயர் பைப்பும் தண்ணீர் பைப்பும் போகும் ஒவ்வொரு சுவரையும் பக்கத்தில் டேப்பைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு ஆணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் படம் உதவும்.

வேலை முடிந்த வருஷம் நவம்பரில் நாலு நாள் விடாமல் பெய்தது. மேஸ்திரி அண்ணனே குடையோடு வந்தார். பின்பக்கச் சந்தில் குனிந்து, சுவரடியில் உள்ளங்கையை வைத்தார். தடுப்புச் சுவரின் துளைகள் எல்லாவற்றிலும் தண்ணீர் வந்து, புது வாய்க்காலில் விழுந்து, ரோட்டுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே வந்து, பழைய பென்சில் கோடு இருந்த உயரத்தில் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு டீ கேட்டார். கடைசி 10 சதவீதத்தை அன்றைக்குத்தான் கொடுத்தேன். போகும்போது, மிஞ்சிய ஓட்டில் ஒரு முப்பதை எங்கும் தூக்கிக் கொடுத்துவிடாமல், படுக்கப்போடாமல் சுவரோரம் நிறுத்தி அடுக்கிவைக்கச் சொன்னார். இதே கம்பெனி ஓடு பின்னால் கிடைக்காதாம். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.